மூக்குக்கு எட்டாத மருந்து

யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது வாளியை மேலே இழுத்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தும் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை அதனால்தான் வந்ததோ என்னவோ.

காட்டாது. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் ஒரு பீடைகொல்லிக்கு விதித்திருக்கும் எல்லை லீற்றருக்கு 0.1 மைக்கிரோகிராம். ஒரு இலட்சம் லீற்றர் தண்ணீர் நிற்கும் தோட்டக்கிணற்றில் அது 10 மில்லிகிராம். நாலைந்து கடுகின் எடை. எந்த மூக்கு பிடிக்கும்?

"மீற்றர் பிடித்துப் பார்த்தோம், தண்ணி நல்லது" என்பார்கள். அந்தக் கைமீற்றர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறதென்று பார்த்து உப்பைக் கணக்கிடுவது. உவர் ஏறும் நம் கிணறுகளுக்கு அது உதவும்; மருந்துக்கு உதவாது. நைத்திரேற்று அறிக்கையும் அப்படியே. அது பசளையின் கதை, எல்லையே லீற்றருக்கு 50 மில்லிகிராம். மருந்தைத் தேடுவது அதைவிட இலட்சக்கணக்கான மடங்கு நுணுக்கமான வேலை.

ஆய்வுகூடம் முதலில் தண்ணீரைச் 'சுண்ட' வைக்கிறது, அடுப்பில் அல்ல. ஒரு லீற்றரைச் சிறு வடிகுழாய் ஒன்றினூடாக விட்டால் மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும். அதை ஒரு மில்லிலீற்றர் கரைப்பானால் கழுவி எடுத்தால் செறிவு ஆயிரம் மடங்கு. பிறகு நிறப்பகுப்புக் கருவி கலவையைப் பிரிக்க, திணிவு நிறமாலைமானி ஒவ்வொன்றையும் உடைத்து, துண்டுகளின் நிறையை வைத்து ஆளை அடையாளம் காணும். வெங்காயம், மிளகாய் என்றால் அரைத்து, அசற்றோநைத்திரைலும் உப்பும் சேர்த்துக் குலுக்குவார்கள். 2003இல் வெளியான இந்தச் சுருக்குவழியைத்தான் இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன.

இனி, படித்தவர்களே தடுக்கி விழுகிற இடம்: 'கண்டறியப்படவில்லை' என்றால் இல்லை என்று பொருளல்ல. அந்தக் கருவியால் காணக்கூடிய அளவுக்கு இல்லை, அதுவும் தேடிய பெயர்களில் இல்லை என்றுதான் பொருள். 2015இல் இலங்கை தடைசெய்து, பிறகு தடை தளர்ந்த கிளைபோசேற்றையே எடுங்கள். தண்ணீரை விட்டு இலகுவில் பிரியாத சாமான் அது. நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே ஓட்டத்தில் பிடிக்கும் வழக்கமான முறையில் அது தப்பிவிடும். தனி முறை வேண்டும். அறிக்கை கைக்கு வந்தால் எந்தெந்த மருந்தைத் தேடினீர்கள், ஒவ்வொன்றுக்கும் கண்டறியும் எல்லை என்ன என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு அல்ல.

மாதிரியையும் சோடாப் போத்தலில் கொண்டுபோகாதீர்கள். சில மருந்துகள் பிளாஸ்ரிக்கில் ஒட்டும், சில வெளிச்சத்தில் சிதையும். பொதுவாகக் கபிலநிறக் கண்ணாடிப் போத்தலும் ஐஸ் பெட்டியும் வேண்டும். எப்போது எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நம் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் வெடிப்புகள். கார்த்திகை மழை தோட்டத்தைக் கழுவிக்கொண்டு அவற்றினூடாக வேகமாக இறங்கும். ஆடியில் மட்டும் எடுத்த மாதிரியில் அது தெரியாது.