கற்பனை உலக விளையாட்டுகளில் கடினமான முடிவுகள்

ஆர்.பி.ஜி. எனப்படும் கற்பனை உலகப் பாத்திர விளையாட்டுகளில் ஆடுபவரை நீண்ட நேரம் நிறுத்திவைப்பவை சண்டைகள் அல்ல. இருவரில் யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்று கதை கேட்கும் இடங்களே அவரைத் தயங்க வைக்கின்றன. இவ்வகைச் சோதனைக்கு முன்னோடியான விளையாட்டுகளில் முதன்மையானது, ரிச்சர்ட் கேரியட் 1985இல் உருவாக்கிய ‘அல்டிமா 4’. வென்று முடிக்க வேண்டிய கொடிய பகைவன் என்று அதில் எவரும் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டுப் பண்புகளிலும் தேறுவதே குறிக்கோள். மந்திரத்துக்கான மூலிகைகளை விற்பவர் பார்வையற்றவர். அவர் விலையைச் சொல்வார். எத்தனை காசு கொடுப்பது என்பது ஆடுபவர் கையில். குறைத்துக் கொடுத்தால் யாரும் தடுப்பதில்லை, நேர்மைக் கணக்கு மட்டும் உள்ளே சத்தமில்லாமல் இறங்கிவிடும். இவ்வளவு எளிமையான, இவ்வளவு கூர்மையான சோதனை பின்னாளில் வந்த பெரிய விளையாட்டுகளிலும் அரிதாகவே காணப்படுகிறது.

பிறகு வந்த பல விளையாட்டுகள் அந்தக் கணக்கைத் திரைக்கே கொண்டுவந்தன. 2003இல் வெளியான ‘நைட்ஸ் ஒஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ ஒவ்வொரு செயலுக்கும் ஒளிப்பக்கம் அல்லது இருட்பக்கம் என்று புள்ளி தந்தது. புள்ளி கண்ணில் பட்டதும் ஆடுபவர் எதிரே நிற்கும் மனிதரை மறந்து அளவுகோலைப் பார்க்கத் தொடங்குகிறார். இப்படிப்பட்ட விளையாட்டில் புள்ளி எந்தப் பக்கம் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டு ஆடுவதே நல்லது.

எடைபோடுவது உண்மையிலேயே கடினமாகும் இடத்துக்குச் சரியான எடுத்துக்காட்டு, போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘விச்சர் 3’. ஒரு மேட்டில், பழைய மரத்தின் அடியில் ஓர் ஆவி சிறைப்பட்டிருக்கிறது. விடுவித்தால் சூனியக்காரிகளின் பிடியில் உள்ள அநாதைப் பிள்ளைகளைக் காப்பதாக அது வாக்களிக்கிறது. சொன்னபடியே பிள்ளைகளைக் காக்கவும் செய்கிறது. ஆனால் பக்கத்துச் சிற்றூர் அதனால் அழிகிறது. ஒரு பெண்ணும் சாபத்தால் இறக்கிறாள், அவளுடைய கணவன் தூக்கிட்டுக்கொள்கிறான். ஆவியைக் கொன்றாலோ பிள்ளைகள் காணாமற் போகிறார்கள். அந்தப் பெண் மனம் பேதலித்த நிலையில் உயிர் பிழைக்கிறாள். முடிவெடுக்கும் நேரத்தில் இவற்றில் பெரும்பகுதி தெரியாது. விளைவு வெகுநேரம் கழித்தே வந்து சேர்கிறது.

சிற்றூர் அழிந்த செய்தி அந்த விளையாட்டில் சில காட்சிகளோடு கடந்துபோகிறது. வல்வெட்டித்துறையில் இருந்து ஆடுபவருக்கு அது அவ்வளவு எளிதாகக் கடந்துபோகாது. 1989 ஓகஸ்ட் தொடக்கத்தில் இந்திய அமைதிப்படையினரால் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்ட, வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட ஊர் இது. விளையாட்டுத்தானே, அந்த நினைவை ஒதுக்கிவைத்துவிட்டு ஆடு என்பது பிழையான அறிவுரை. முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவர்கள் மீதே அதன் பாரம் பெரும்பாலும் விழுகிறது என்பதை அந்த நினைவைப் போல வேறெதுவும் உணர்த்தாது. ஆகவே தேர்வு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது: பேச்சில் பெயர்கூட வராமல் இதில் பாதிக்கப்படப் போவது யார்?

அடுத்தது, எதிர்ப்பக்கத்தை முழுமையாக வாதாடிப் பார்ப்பது. கம்பன் விழாக்களின் வழக்காடு மன்றத்தில் வாலியை மறைந்திருந்து கொன்றது சரியா என்று இரு தரப்பும் வாதாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி புதிதல்ல. விளையாட்டிலும், தேர்ந்தெடுக்க விரும்பாத பக்கத்துக்காக மூன்று வலுவான காரணங்களைச் சொல்ல முடியாவிட்டால், இன்னும் பேசவேண்டியவர்கள் ஊரில் மிச்சம் இருக்கிறார்கள் என்று பொருள். அதிகாரம் உள்ளவர் சொல்வதோடு நிறுத்தாமல் வேலைக்காரர், முதியவர், பிள்ளைகளிடமும் பேச வேண்டும். கிடைக்கும் கடிதங்களையும் படித்துவிட வேண்டும்.

கனேடிய நிறுவனமான பயோவெயரின் ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ (2009) வேறொரு பாடம் தருகிறது. பேய் பிடித்த சிறுவனைக் கொல்வதா, அவனுடைய தாயைப் பலிகொடுத்து மீட்பதா என்பது அங்கே கேள்வி. மந்திரவாதிகளின் உதவியைப் பெற்று வந்தால் இருவரும் பிழைப்பார்கள். மூன்றாம் வழியைத் தேடுவது நல்ல பழக்கம். ஆனால் பயணம் போய்த் திரும்பும்வரை சிறுவன் இருக்கும் கோட்டையில் எந்தக் கேடும் நேராதது, இறுக்கமாகத் தொடங்கிய கேள்வியைத் தளர்த்திவிடுகிறது. எல்லா விளையாட்டும் இந்தச் சலுகையைத் தருவதில்லை.

இந்தியாவின் பைரோடாக்டைல் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’ அதைத் தருவதில்லை. பண்டைய இந்தியாவை ஒத்த கற்பனை நாடு. பஞ்சத்தில் வாடும் பீம்ரா நகரம். விரும்பாத திருமணத்தை எதிர்நோக்கும் சிற்றூர்ப் பெண், இளவரசி, நாகர்களின் தூதர் எனப் பலராகவும் மாறி மாறி ஆட வேண்டும். நல்லது, கெட்டது என்ற அளவுகோல் இல்லை. எதிரே நிற்பவரின் நட்பு, மதிப்பு, அச்சம் ஆகியவையே கூடிக் குறைகின்றன. ஒரு பாத்திரம் இறந்தாலும் கதை தொடர்கிறது. பெரிய நிறுவனங்களின் பகட்டு இதில் இல்லை. ஆனாலும் வறுமையும் குலமும் ஒருவரின் தேர்வுகளை எவ்வளவு சுருக்கிவிடுகின்றன என்பதை இது நேர்மையாகக் காட்டுகிறது.

முடிவெடுத்த பின் பழைய சேமிப்புக்குத் திரும்பி மற்ற வழியைச் சோதிப்பது, அதுவரை செய்த யோசனை அனைத்தையும் வீணாக்கும். யூடியூபில் முடிவுகளை முன்கூட்டியே பார்ப்பதும் அப்படித்தான். மற்ற வழியை அறியும் ஆவல் இருந்தால், கதையை முடித்துவிட்டு வேறொரு பாத்திரத்தோடு மறுபடி தொடங்கலாம். 2023இல் வெளியான ‘போல்டர்ஸ் கேட் 3’இன் ஹானர் முறை ஒரே ஒரு சேமிப்பை மட்டுமே அனுமதிக்கிறது. மற்ற விளையாட்டுகளில் அந்தக் கட்டுப்பாட்டை ஆடுபவரே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டும்.