பழைய கதவுகளைப் புதுப்பித்தல்

கார்த்திகைத் தீபத்திற்கு முன் திருவண்ணாமலை வட்டாரத்தில் வீடுகளைத் துப்புரவு செய்வது வழக்கம். அப்போது பழைய தேக்குக் கதவைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்க எண்ணுவோர் உண்டு. மரம் உளுக்காதிருப்பின் அது வீண் செலவேயாகும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய வர்ணத்தில் காரீயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற மத்திய அரசு விதி 2017-ஆம் ஆண்டில்தான் அமலுக்கு வந்தது. காரீயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆதலின் வர்ணத்தைத் தீயால் சுடுவதும், உலர்ந்தபடியே தேய்ப்பதும் கூடா.

கதவைக் கழற்றி வெளியே வைத்து, முகக்கவசம் அணிந்து, நீர் தெளித்துச் சுரண்டுக. சுரண்டியதை மாடு மேயும் இடத்திலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. கதவு நன்கு உலர்ந்தபின், விரும்பினால் மரச்சாயம் ஏற்றி, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசுக. எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் அது தானே தீப்பற்றக்கூடும்; நீரில் நனைத்து, வெளியில் விரித்து உலர்த்துக.

பள்ளிக் கதவுகளுக்கும் இம்முறையே ஏற்றது. அவ்வேலை விடுமுறை நாட்களில் மட்டுமே நடைபெறுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனித்தல் வேண்டும்.