பாலத்துக்குக் கீழே ஒரு பூங்கா: டொரான்டோவின் பென்ட்வே

சிவில் படிக்கிறவங்களுக்கு 'பென்ட்' என்ற சொல் பிரிட்ஜ் பாடத்தில் எங்காவது ஒரு மூலையில் வந்திருக்கும். மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக ஒரு விளக்கம்: தூண்கள் வரிசையாக நிற்க, அவற்றின் தலைமேல் ஒரு உத்தரம் குறுக்கே படுத்திருந்தால், அந்தச் சட்டகம் முழுவதற்கும் பெயர் பென்ட். மேலே போகும் சாலையின் எடையை வாங்கித் தரைக்குள் இறக்குவது அதன் வேலை. இந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் பூங்கா ஒன்று கனடாவின் டொரான்டோ நகரில் இருக்கிறது. அதுதான் பென்ட்வே. பெயரைத் தேர்ந்தெடுக்கப் பொதுமக்களிடமே யோசனை கேட்டார்கள். பாடப்புத்தகச் சொல் ஜெயித்துவிட்டது!

மேம்பாலத்துக்குக் கீழே பூங்கா என்றதும் நமக்கு என்ன தோன்றும்? சும்மா கிடக்கிற இடம், நாலு செடி நட்டு, ரெண்டு பெஞ்ச் போட்டு, தூணுக்குப் பெயின்ட் அடித்தால் முடிந்தது. ஆனால் அந்த இடம் சும்மா கிடக்கிற இடமே இல்லை. மேலே இருக்கும் சாலை அதன்மேல் தினமும் உரிமை கொண்டாடுகிறது. கீழே வேறு சிலரும் ஏற்கனவே இருக்கிறார்கள். இந்த இரண்டையும் பென்ட்வேயை வைத்துப் பார்ப்போம்.

முதலில் சாலை. கார்டினர் எக்ஸ்பிரஸ்வே 1955 முதல் 1966 வரை பகுதி பகுதியாகக் கட்டப்பட்டது. அன்றைய மெட்ரோ டொரான்டோ கவுன்சிலின் முதல் தலைவர் ஃபிரடெரிக் கார்டினரின் பெயர் அது. வழியில் 1793-ல் அமைந்த ஃபோர்ட் யார்க் கோட்டை குறுக்கே நின்றது. கோட்டை நிலத்தின் மேலேயே சாலையைக் கொண்டுபோகத்தான் முதலில் திட்டம். வரலாற்று ஆர்வலர்கள் விடவில்லை. கடைசியில் சாலைதான் வளைந்து ஒதுங்கிப் போனது. ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் கோட்டைக்கு அருகிலேயே அலையடித்தது. பிறகு கரையை மண் கொட்டி நிரப்பிக்கொண்டே போனார்கள். இன்று அந்தப் பக்கத்தில் கான்கிரீட் கால்கள் நிற்கின்றன.

கோட்டைக்கு அருகே சாலைத் தளம் தரையிலிருந்து சுமார் ஐந்து மாடி உயரத்தில் ஓடுகிறது. பூங்காவின் உயிரே இந்த உயரத்தில்தான் இருக்கிறது என்பேன். ஏன்னு ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பாருங்க.

தளத்தின் உயரம் 15 மீட்டர், சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டொரான்டோ ஏறத்தாழ 43.6 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கே 23 பாகை உயரத்தில்தான் நிற்கும். தளத்தின் தெற்கு விளிம்பைத் தொட்டு இறங்கும் ஒளி எவ்வளவு தூரம் உள்ளே வரும்? உயரத்தை டேன் 23-ஆல் வகுங்க: 35 மீட்டர். ஆறு லேன் சாலையின் அகலத்தை 25 மீட்டர் என்று எடுத்தால்கூட, அடியில் முழுக்க வெயில் விழும். ஜூனில் சூரியன் 70 பாகைக்கு ஏறிவிடும்; அப்போது ஒளி ஐந்தரை மீட்டரோடு நின்றுவிடும். குளிர்காலத்தில் வெயில், கோடையில் நிழல்! தெற்குப் பக்கம் உயரமான கட்டடம் எதுவும் மறைக்காத வரை இந்தக் கணக்கு செல்லும். டொரான்டோவில் அந்தப் பக்கம் அடுக்குமாடிகள் வளர்ந்துகொண்டே போகின்றன என்பது வேறு கதை.

இதே கணக்கைச் சென்னைக்குப் போட்டால்? 13 பாகை அட்சரேகை, ஐந்தரை மீட்டர் உயர மேம்பாலம். டிசம்பர் நண்பகலில் ஒளி உள்ளே வருவது நாலு மீட்டர்தான். ஜூனில் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடுவதால், அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு மீட்டர். நடுவில் நட்ட செடி வாடுவதற்குத் தண்ணீர் ஊற்றுபவரைத் திட்டிப் பயனில்லை. டொரான்டோ படத்தைக் காட்டி நம்ம ஊரிலும் அப்படியே செய்யலாம் என்று யாராவது பிராஜெக்ட் போட்டால், முதலில் உயரத்தைக் கேளுங்க.

அடுத்தது தண்ணீர். தளம் கூரை போல மூடியிருப்பதால் அடியில் மழை விழாது. செடிக்குத் தனியாகப் பாசனம் வேண்டும். மேலிருந்து ஒழுகும் தண்ணீரோ செடிக்கு ஆகாது. பனிக்காலத்தில் சாலையில் உறைபனி உருக உப்பு தூவுவார்கள். கரைந்த உப்பு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் இடுக்குகளில் இறங்கி, பென்ட்டின் உத்தரத்தில் வழிந்து, கான்கிரீட்டுக்குள் ஊறும். கான்கிரீட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் ஒரு பாதுகாப்புப் படலம் இருக்கும், படித்திருப்பீங்க. குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிடும். பிறகு துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், வெளியே இருக்கும் கான்கிரீட் உப்பிப் பெயர்ந்து விழும். கார்டினரிலிருந்து இப்படித் துண்டுகள் விழுந்தது அந்த ஊரில் பல காலம் செய்தியாக ஓடியது. கீழே குழந்தைகள் ஓடும் இடம் என்றால் இது பூங்காவுக்கும் பிரச்சினைதானே? அதனால் தூணில் விளக்கு மாட்டத் துளை போடுவதிலிருந்து, சோதனை செய்ய வண்டி வரும் வழியை விட்டுவைப்பது வரை, பூங்கா போடுகிறவர் பாலத்துக்காரரைக் கேட்டுத்தான் எதையும் செய்ய முடியும்.

இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவே என்ன செய்தார்கள்? 2015 நவம்பரில் ஜூடி மேத்யூஸ், வில்மாட் மேத்யூஸ் தம்பதியர் 25 மில்லியன் கனடிய டாலர் தருவதாக அறிவிப்பு வந்தது. நகர வடிவமைப்பாளர் கென் கிரீன்பெர்க்கும் பப்ளிக் வர்க் என்ற நிலவடிவமைப்பு நிறுவனமும் திட்டம் போட்டார்கள். மொத்தம் 1.75 கிலோமீட்டர். ஒரு பென்ட்டுக்கும் அடுத்த பென்ட்டுக்கும் நடுவே உள்ள இடத்தை ஒரு 'அறை'யாக எண்ணினார்கள்; அப்படி 55 அறைகள். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. தூண்களை மறைக்கப் பார்க்கவில்லை, அவற்றையே சுவராக எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ரான் அவென்யூவிலிருந்து பாதர்ஸ்ட் தெரு வரையிலான முதல் கட்டத்தில் 2018 ஜனவரியில் பனிச்சறுக்குப் பாதை திறந்தது. எட்டு வடிவத்தில் தூண்களைச் சுற்றி வளைந்து ஓடும் 220 மீட்டர் பாதை. கோடையில் அதே இடத்தில் கச்சேரி, கண்காட்சி எல்லாம் நடக்கும். நிர்வாகம், நகராட்சியோடு சேர்ந்து இயங்கும் லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றிடம்.

இனி அந்த 'வேறு சிலர்'. மழை படாத கூரை யாருக்கு முதலில் தேவைப்படும்? வீடு இல்லாதவர்களுக்கு. கார்டினருக்கு அடியில் பல இடங்களில் கூடாரம் போட்டு மக்கள் இருந்தார்கள். 2019-ன் தொடக்கத்தில் நகராட்சி அப்படிப்பட்ட ஒரு கூடாரக் குடியிருப்பை அகற்றியது. சில வாரங்களில், அதே ஆண்டு மே மாதம், பென்ட்வே பகுதியில் கண்ணாடி போன்ற ஒளிபுகும் கூண்டுகளுக்குள் உட்கார்ந்து சாப்பிடும் ஆடம்பர விருந்து ஒன்று நடந்தது. ஒரு மேசைக்குச் சில நூறு டாலர். வறுமைக்கு எதிரான ஓர் அமைப்பு அதே இடத்துக்கு வந்து இலவசச் சாப்பாடு போட்டுப் போராட்டம் நடத்தியது.

பூங்கா நிர்வாகம்தான் கூடாரங்களைப் பிடுங்கியது என்று நான் சொல்ல வரவில்லை. அகற்றியது நகராட்சி, அதுவும் வேறோர் இடத்தில். ஆனால் டிராயிங்கில் 'காலி இடம்' என்று ஹேட்ச் போடும்போது, நேரில் போய் ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் போடக்கூடாது. சைட் சர்வே என்றால் லெவல் எடுப்பது மட்டும் இல்லையே? படுத்திருப்பவர், தள்ளுவண்டி நிறுத்துபவர், ஆட்டோ ஸ்டாண்ட் இவர்களுக்கும் அந்தப் பிளானில் ஒரு இடம் வேண்டும், அல்லது எங்கே போவார்கள் என்பதற்குப் பதில் வேண்டும்.

சாலையின் கதையும் முடியவில்லை. 2023 நவம்பரில் ஒன்டாரியோ மாகாண அரசு இந்த எக்ஸ்பிரஸ்வேயை நகரத்திடமிருந்து தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தது. 2024-ல் டஃபரின் தெருவிலிருந்து ஸ்ட்ரான் அவென்யூ வரை பழைய தளத்தையும் கர்டர்களையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடும் வேலை தொடங்கியது. பூங்காவின் மேற்கு வாசல் இருப்பதும் அதே ஸ்ட்ரான் அவென்யூவில்தான்.