விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர்?

2024 ஜூலை கடைசியில் ஒரு நாள் காலை, நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். விடியலுக்கு முன்பே பூவை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நேராகத் திண்டுக்கல் பஸ் ஏறியிருக்கிறார். சட்டையில் இன்னும் பூ வாசம் இருந்தது. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்று மகள் கியூட் நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். ஜூன் 30 அன்று வருவதாகச் சொன்ன முடிவு ஜூலை 28 அன்றுதான் வந்தது. அது வந்ததே அவர்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது.

"மெசேஜ் எதுவும் வரலயே சார்" என்றார்.

ஹால் டிக்கெட்டில் விண்ணப்ப எண் இருந்ததால் மதிப்பெண்ணை எடுத்துவிட்டோம். அதன் பிறகு விண்ணப்பத்தின் நகலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மின்னஞ்சல், போன் நம்பர் இரண்டுமே பிரவுசிங் சென்டர்க்காரருடையவை. மார்ச்சில் விண்ணப்பம் போட்டபோது, "உங்ககிட்ட மெயில் ஐடி இல்லையா, சரி, கடை ஐடியப் போட்டுக்குறேன்" என்று அவர் உதவியாகத்தான் செய்திருக்கிறார். அந்தக் கோடையில் அவர் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படிப் போட்டாரோ. ஜூலை 7 அன்று தற்காலிக விடைக்குறிப்பு வெளியானது. ஆட்சேபம் சொல்ல 9ஆம் தேதி வரை நேரம் இருந்தது. ஒரு சில மையங்களில் தேர்வு எழுதிய சுமார் ஆயிரம் பேருக்கு 19ஆம் தேதி மறுதேர்வும் நடந்தது. இந்தச் செய்திகளெல்லாம் யாரோ ஒருவரின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பெண் இங்கே பூ கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

தேர்வு முடிவு தாமதமானால் என்ன செய்வது என்று ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: விண்ணப்பத்தில் இருப்பது யாருடைய போன் நம்பர்? உங்களுடையது இல்லை என்றால் இன்றே அந்தக் கடைக்குப் போங்கள். மின்னஞ்சல் முகவரி, பாஸ்வேர்டு, விண்ணப்ப எண் மூன்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வாங்குங்கள். திருத்த வசதி திறக்கும் நாட்களிலும் போன் நம்பரையும் மின்னஞ்சலையும் பெரும்பாலும் மாற்ற விடமாட்டார்கள், அதனால் அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். இனி விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, வீட்டில் நிலையாக இருக்கும் எண்ணைக் கொடுங்கள். ஆஃபர் முடிந்ததும் தூக்கிப் போடும் சிம் வேண்டாம். கலந்தாய்வு முடிந்து கல்லூரியில் உட்காரும்வரை அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

முடிவு வரவில்லை என்றால் மதிப்பெண்ணே தெரியாது என்று பலரும் நினைக்கிறார்கள். நீட், கியூட் போன்ற தேர்வுகளுக்கு அது பொருந்தாது. தேசியத் தேர்வு முகமை முடிவுக்கு முன்பே விடைக்குறிப்பை வெளியிடுகிறது. நீட் எழுதியவர் குறித்துக் கொடுத்த ஓஎம்ஆர் தாளின் படத்தையும் காட்டுகிறது. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு, மொத்தம் 720. ஒரு மாலை உட்கார்ந்து நீங்களே கூட்டிப் பார்க்கலாம். சந்தேகமான கேள்விகளை ஒருமுறை சரி என்றும் ஒருமுறை தவறு என்றும் வைத்து இரண்டு மொத்தம் எழுதுங்கள். உங்கள் மதிப்பெண் அந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். எந்தக் கல்லூரிக்கு ஆசைப்படலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்க அது போதும். அந்த ஓஎம்ஆர் படத்தைக் கண்டிப்பாகப் பதிவிறக்கி வையுங்கள். பின்னால் மதிப்பெண் குறைவாக வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். இணையதளத்தில் அது சில நாட்களுக்குத்தான் இருக்கும். விடைக்குறிப்பில் தவறு இருப்பதாக நினைத்தால் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். பாடப்புத்தகப் பக்கத்தை ஆதாரமாக இணைக்க முடிந்தால் மட்டும் அந்தப் பணத்தைக் கட்டுங்கள்.

அச்சிட்ட மதிப்பெண்ணும் மாறக்கூடும் என்பதை 2024 நீட் எல்லோருக்கும் காட்டியது. மே 5 அன்று தேர்வு, ஜூன் 4 அன்று முடிவு. தேர்வு நேரம் வீணானதாக 1,563 பேருக்குக் கொடுத்த கருணை மதிப்பெண் ரத்தாகி, ஜூன் 23 அன்று அவர்களுக்கு மறுதேர்வு நடந்தது. ஜூலை முதல் நாள் திருத்திய பட்டியல் வந்தது. ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடி நிபுணர்களிடம் கேட்டது. ஒரு விடைதான் சரி என்று அவர்கள் சொன்னதால் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. ஜூலை 26 அன்று மீண்டும் ஒரு பட்டியல் வந்தது. ஒரே தேர்வு, மூன்று பட்டியல்! ஜூன் 4 அன்று லேமினேட் செய்து வைத்த தாளோடு ஆகஸ்ட்டில் ஒரு பையன் என்னிடம் வந்தான். தாளில் ஒரு மதிப்பெண், இணையத்தில் வேறு மதிப்பெண். ஆகவே எதையும் லேமினேட் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக அச்சிட்டு, மூலையில் தேதி எழுதுங்கள். பழையதைக் கிழிக்காமல் பின்னால் வையுங்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை மே 24 அன்று நீட் முடிவுக்குத் தடை போட்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வேறு வேறு கேள்வித்தாள் கொடுத்தார்கள் என்பது வழக்கு. உச்ச நீதிமன்றம் ஜூன் 12 அன்று தடையை நீக்க, முடிவு 23ஆம் தேதி வந்தது.

இனி பிளஸ் டூ. இங்கே தாமதத்தைவிட, காணாமல் போகும் மதிப்பெண்தான் அதிகம் பயமுறுத்துகிறது. தேர்வு எழுதிய பிள்ளைக்கு ஒரு பாடத்தில் 'ஆப்சென்ட்' என்று வந்து நிற்கும்போது அந்த வீட்டில் சோறு இறங்காது. பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள், முதலில் அதைக் கேட்டுக்கொள்கிறேன். விடைத்தாளின் முகப்பில் மாணவரின் படமும் பார்கோடும் இருக்கும். திருத்துபவருக்கு யாருடைய தாள் என்று தெரியக் கூடாது என்பதற்காக அந்த அடையாளத்தைப் பிரித்து வைக்கிறார்கள். பிறகு இரண்டையும் பொருத்தும் இடத்தில் பிசகு வர வாய்ப்பு உண்டு. தேர்வறையில் போட்ட வருகைக் கையெழுத்து பதிவேட்டில் இருக்கும். அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அவர் வழியாக மாவட்ட அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மனுவில் பதிவு எண், பாடம், தேதி, தேர்வு மையம், அறை எண் இருக்கட்டும். கொடுத்த மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். வாயால் சொன்னதை அடுத்த வாரம் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் குறைந்தால் முதலில் விடைத்தாள் நகலைக் கேளுங்கள். ஒரு பாடத்துக்கு 275 ரூபாய் வாங்கிவந்தார்கள். மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய். நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். நகல் வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்தாமல் விட்ட விடை, கூட்டலில் விட்ட பக்கம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை என்று ஆசிரியர் சொன்னால் 505 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். பொறியியலுக்குப் போகிறவர் கணக்கில் கவனம் வைக்க வேண்டும். 200க்குப் போடும் கட்ஆஃபில் கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், மற்றதில் கூடும் இரண்டுக்குச் சமம்.

சான்றிதழே தொலைந்துபோனவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைப் பதிவு செய்துவிட்டு, படித்த பள்ளியின் வழியாக இரண்டாம் படிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது வரும்வரை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தற்காலிகச் சான்றிதழோ டிஜிலாக்கரில் இருக்கும் மதிப்பெண் பட்டியலோ கைகொடுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் சான்றிதழ்கள் நனைந்து போனபோது அரசு சிறப்பு முகாம் போட்டுக் கொடுத்தது. நம் பக்கம் வெள்ளத்தைவிடக் கரையான்தான் எதிரி. சூட்கேஸின் அடியில் வைக்காதீர்கள்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். முடிவுக்காகக் காத்திருக்கும்போது வேறு எங்கும் பெயர் கொடுக்காமல் இருப்பதுதான் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. 2022இல் மாநிலப் பாடத்திட்டத்துக்கு ஜூன் 20 அன்றும், சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புக்கு ஜூலை 22 அன்றும் முடிவு வந்தது. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்காகப் பொறியியல் விண்ணப்பக் காலத்தை அரசு நீட்டித்தது. அந்த ஆண்டு கியூட் முடிவு வந்தது செப்டம்பர் நடுவில்! அதுவரை எதிலும் சேராதவருக்கு மற்ற இடங்களெல்லாம் போயிருக்கும்.

பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு பிளஸ் டூ முடிவோடோ சில ஆண்டுகளில் அதற்கு முன்பேயோ தொடங்கிவிடுகிறது. பதிவு எண் இருந்தால் போதும், மதிப்பெண் பின்னால் வந்து சேரும். அரசு கலைக் கல்லூரிகளுக்கும் இணையத்தில் ஒரே விண்ணப்பம்தான். திண்டுக்கல்லில் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, நிலக்கோட்டையிலும் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. நீட் எழுதியிருந்தாலும் கியூட் எழுதியிருந்தாலும் இதில் ஒன்றில் சேர்ந்துவிடுங்கள்.

"கட்டின பணம் போயிடுமே" என்பார்கள். போகாது. பெரிய கல்விக் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிக்கும் சேர்த்துத்தான் பல்கலைக்கழக மானியக் குழு விதி போட்டிருக்கிறது. 2024-25 சேர்க்கையில் செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணமும் திரும்பத் தர வேண்டும், அக்டோபர் 31க்குள் என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், சேரும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கவும் கூடாது. என் அண்ணன் மகளின் அசல்களை ஒரு கல்லூரி "மூணு வருஷப் பணத்தைக் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி வைத்துக்கொண்டது. விதியின் நகலை இணைத்து முதல்வருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம். ஒரு நகல் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்துக்கும் போனது. சான்றிதழ்கள் திரும்பி வந்தன. ஆனால் அதற்குள் அந்தப் பெண் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதனால் சரிபார்த்துத் தரச் சொல்லி அசலைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள்.

காத்திருக்கும் வாரங்களில் இ-சேவை மைய வேலைகளை முடித்துவிடலாம். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய்தான். ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாகக் கடந்து வர நாளாகும். முடிவு வந்த மறுநாள் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள்.

பிள்ளையின் மனதையும் பாருங்கள். தினம் மூன்று வேளை "ரிசல்ட் என்னாச்சு" என்று கேட்பதை வீட்டில் நிறுத்துங்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள். தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடந்தால் 104க்கோ 14416க்கோ கூப்பிடுங்கள். இரண்டிலும் இரவு பகல் பேச ஆள் இருக்கிறார்கள். பிள்ளை கூப்பிடத் தயங்கினால் நீங்கள் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.

வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்துப் பெற்றோரிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். பிளஸ் டூ முடிந்த மே மாதத்திலேயே ஊருக்குள் மில் வேன் வரும். "ரிசல்ட் வர்ற வரைக்கும் ரெண்டு மாசம் போகட்டுமே" என்று பெண்ணை ஏற்றி விடுகிறீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், அந்தச் சம்பளம் கடன் வட்டிக்குப் போவதும் தெரியும். ஆனால் நான் பாடம் எடுத்த பிள்ளைகளில் அப்படிப் போனவர்கள், முடிவு ஒரு மாதம் தள்ளிப்போன ஆண்டுகளில், பெரும்பாலும் திரும்பி வரவில்லை. முடிவு வந்த நாளில் அவர்கள் ஷிப்ட்டில் இருந்தார்கள். கையில் போன் இல்லை. கலந்தாய்வுக்கு வரச் சொன்ன தேதி கடந்த பிறகுதான் விடுப்பு கிடைத்தது. தேர்வு முடிவு ஒரு மாதம் தாமதமானால் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதம் போகும். இந்தப் பிள்ளைக்குப் படிப்பே போகும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. சேராமல் வராது. மில்லுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அவள் நம்பரை உங்கள் போனுக்கு மாற்றுங்கள், கல்லூரி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அனுப்புங்கள், கூப்பிட்டால் அன்றே விடுவோம் என்று சூப்பர்வைசரிடம் வாக்கு வாங்குங்கள்.

எல்லாத் தேதியும் போய்விட்டது என்று ஆகஸ்ட்டில் சோர்ந்து உட்கார்ந்திருப்பவர்கள் படித்த பள்ளிக்குப் போய் 'உயர்வுக்குப் படி' முகாம் எப்போது என்று கேளுங்கள். எங்கும் சேராத பிள்ளைகளுக்காகவே மாவட்டந்தோறும் அதை நடத்துகிறார்கள். 14417க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். அந்தப் பூக்காரரின் மகளைப் பற்றிக் கேட்பீர்கள். அவளுடைய வகுப்பாசிரியை ஜூனிலேயே நிலக்கோட்டைக் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் போட வைத்திருந்தார். அந்த விண்ணப்பத்தில் மட்டும் அப்பாவின் போன் நம்பர் இருந்தது.