ஆயிரம் வெள்ளியில் விளையாட்டுக் கணினி: எந்தப் பாகத்துக்கு எவ்வளவு?

ஓ நிலைத் தேர்வு முடிந்த கையோடு பல மாணவர்கள் கேட்கும் கேள்வி இது: ஆயிரம் வெள்ளிக்குள் பாகங்களை வாங்கி, விளையாட்டுக் கணினியை நாமே பொருத்திவிட முடியுமா? திரை வீட்டில் ஏற்கெனவே இருந்தால் முடியும். ஆனால் அந்த ஆயிரம், பகுதி நேர வேலையிலும் தீபாவளி அன்பளிப்பிலும் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம். தவறான பாகத்தில் போட்டால் திரும்ப வராது. அதனால் கடைக்குப் புறப்படும் முன் ஒரு தாளையும் கால்குலேட்டரையும் எடுத்து வையுங்கள். உயர்நிலை மூன்றில் படித்த இயற்பியலே இதற்குப் போதும்.

முதல் கணக்கைத் திரையிலிருந்து தொடங்குங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் திரையில் 1920 × 1080, அதாவது 2,073,600 படப்புள்ளிகள் இருக்கும். அது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் என்றால், கணினி ஒரு நொடியில் 124 மில்லியன் புள்ளிகளுக்கு மேல் வண்ணம் தீட்ட வேண்டும். 4கே திரையில் புள்ளிகள் இதைப் போல் சரியாக நான்கு மடங்கு. உங்களிடம் இருப்பது 60 ஹெர்ட்ஸ் திரை என்றால், நொடிக்கு 140 படங்கள் வரையும் கணினிக்குச் செலவழிப்பதில் பொருளில்லை. அந்தத் திரை காட்டப்போவது 60தான்.

அடுத்து, வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பாருங்கள். தேக்கா உணவங்காடியில் புரோட்டாக் கடையைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் மாவை வீசித் தருகிறார். இன்னொருவர் கல்லில் போட்டு எடுக்கிறார். விளையாட்டுக் கணினியில் மாவு வீசுபவர் சிபியு. எதிரி எங்கே நிற்கிறான், பந்து எங்கே விழும் என்பதையெல்லாம் அது கணக்கிடுகிறது. கல்லில் நிற்பவர் கிராபிக்ஸ் அட்டை. படத்தை வரைவது அதன் பொறுப்பு. ஒரு படத்துக்கு சிபியு 8 மில்லி நொடியும் கிராபிக்ஸ் அட்டை 14 மில்லி நொடியும் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால், மெதுவான 14தான் வேகத்தை முடிவு செய்யும்: நொடிக்கு ஏறத்தாழ 71 படங்கள். இப்போது இரண்டு மடங்கு வேகமான சிபியு வாங்கினாலும் அதே 71தான். கல்லில் இருப்பவர் 9 மில்லி நொடியில் முடித்தால் அது 111 ஆகிவிடும்.

இதனால்தான் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிராபிக்ஸ் அட்டைக்கு ஒதுக்கச் சொல்கிறேன். சிபியுவில் ஆறு கோர் உள்ள நடுத்தர வகை போதும். வண்ண விளக்குகள், கண்ணாடிப் பெட்டி எல்லாம் கடைசியில் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் இருக்காது.

ரேமில் ஒரு நுணுக்கம் உண்டு. டிடிஆர்4-3200 ரேம் நொடிக்கு 3,200 மில்லியன் முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் அனுப்புகிறது. பெருக்கினால் நொடிக்கு 25.6 கிகாபைட். 16 கிகாபைட் கொண்ட ஒரே துண்டை வாங்காமல் 8 கிகாபைட் துண்டுகள் இரண்டை வாங்கிச் சரியான துளைகளில் செருகினால், பாதை இரண்டாகி 51.2 கிடைக்கும். விலையில் பெரிய வேறுபாடு இருக்காது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாமல் சிபியுவிலேயே உள்ள கிராபிக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு இது கண்ணால் பார்க்கக்கூடிய வேறுபாடு.

எல்லாரும் மிச்சம் பிடிக்க நினைக்கும் இடம் மின்வழங்கி. அங்கே மட்டும் கைவைக்காதீர்கள். ரைசன் 5 5600 சிபியுவின் வெப்ப அளவு 65 வாட். ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் அட்டை 132 வாட். தாய்ப்பலகை, விசிறி, சேமிப்பகம் ஆகியவற்றுக்கு ஒரு 50 வாட் சேருங்கள். மொத்தம் 250 வாட் சொச்சம். நல்ல 500 அல்லது 550 வாட் மின்வழங்கி இதற்குத் தாராளம். 850 வாட் வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைத் தேடுங்கள். P = VI நினைவிருக்கிறதல்லவா? அங்கே 40 ஆம்பியர் என்றிருந்தால் 480 வாட், சரி. 25 ஆம்பியர்தான் என்றால் 300 வாட். வெளியே 500 என்று அச்சிட்டிருந்தாலும், சிபியுவுக்கும் கிராபிக்ஸ் அட்டைக்கும் கிடைக்கப்போவது அவ்வளவுதான்.

இந்த மின்சாரம் எங்கே போகிறது? கடைசியில் அத்தனையும் வெப்பமாக உங்கள் அறைக்குள்தான். சுவரிலிருந்து 300 வாட் இழுக்கும் கணினி, சும்மா உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் வெளியிடும் அளவு வெப்பத்தைத் தரும். வீவக வீட்டின் சிறிய படுக்கையறையில் இது சாதாரணமல்ல. மேலும், சிபியுவின் மேலுள்ள விசிறி அதை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையைவிட 45 பாகை கூடுதலாக இயங்கும் சிபியு, குளிரூட்டிய 24 பாகை அறையில் 69இல் நிற்கும். மதிய நேரத்து 32 பாகை அறையில் 77ஐத் தொடும். குளிர்நாடுகளில் எடுத்த விமர்சனக் காணொளிகளைப் பார்க்கும்போது இதை மனத்தில் வையுங்கள். பெட்டியின் முன்பக்கம் மூடிய கண்ணாடி வேண்டாம், வலை போட்டது வேண்டும். மின்கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். நாளுக்கு 4 மணி நேரம் விளையாடினால் 1.2 கிலோவாட் மணி. அலகுக்கு 30 காசு என்று வைத்தால் மாதம் 11 வெள்ளி அளவில் வரும். வீட்டில் கட்டணம் செலுத்துபவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பாகங்களுக்கு லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய சிம் லிம் சதுக்கம் இருக்கிறது. ரோச்சோர் எம்ஆர்டி நிலையம் அதன் பக்கத்திலேயே. 2014இல் அங்கிருந்த ஒரு கைப்பேசிக் கடையில் வியட்நாமியச் சுற்றுப்பயணி ஒருவர் மண்டியிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்ட காணொளி பரவியதிலிருந்து, பெற்றோர் பலருக்கு அந்தப் பெயரே அச்சம். மேல்மாடிகளில் உள்ள கணினிப் பாகக் கடைகளின் கதை வேறு. பல கடைகள் விலைப்பட்டியலை வெளிப்படையாகவே தருவதால், இரண்டு மூன்றைக் கையில் வைத்து ஒப்பிடலாம். முழுத் தொகுப்பாக வாங்காமல், ஒவ்வொரு பாகத்தின் மாதிரி எண்ணையும் விலையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "16 ஜிபி ரேம், 500 வாட் பவர்" என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்காதீர்கள்.

பழைய கிராபிக்ஸ் அட்டை வாங்கினால் நல்ல லாபம் கிடைக்கும், ஆனால் பழைய மின்வழங்கி வேண்டாம். 2012இல் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுக்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். கடைகள் விற்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். இணையத்தில் தனிநபர் விற்பதற்குப் பொருந்தாது. அப்படி வாங்கும்போது விற்பவர் வீட்டிலேயே அட்டையைக் கணினியில் பொருத்தி, ஒரு விளையாட்டைப் பதினைந்து நிமிடமாவது ஓடவிட்டுப் பாருங்கள். பேநவ் வழியாகப் பணம் அனுப்புவது அதற்குப் பிறகுதான்.