விண்கலச் செய்தியும் பிழை திருத்தமும்

காரவள்ளியினின்று கொல்லிமலை யேறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள. மலைச்சரிவு வானத்தை மறைக்குந்தோறும், விண்கலம் விடுக்கும் வழிகாட்டுச் செய்தியில் 0, 1 என்னும் இலக்கங்கள் சில சிதையும். அவற்றை மீட்குமாறு எங்ஙனம்?

2023 மே 29-ல் நம் தேசத்தார் ஏவிய என்.வி.எஸ்.-01 கலத்தின் எல்1 அலையை நோக்குவோம். காலங்குறிக்கும் 9 இலக்கங்கள் அதில் 52 ஆகப் பெருகுகின்றன. கலத்தின் இருப்பிடமும் கடிகாரமும் உணர்த்தும் 600 இலக்கங்களோ 1200 ஆகி இருமடங்கே பெறும். இது ஓரவஞ்சனை யன்று. முன்னது 18 விநாடிக்கொருமுறை மாறுவது, தவறினாற் போயிற்று. பின்னதோ பன்முறை மாறாது வருதலின், ஒருமுறை கெடினும் மறுமுறை பெறலாம். மேலும், பின்னதன் இலக்கங்களை வரிசை மாற்றி அனுப்புவர். ஒரு வளைவிற் சேர்ந்து கெட்டவை மீண்டும் அடுக்குங்கால் ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும். சிதறிய பிழைகளைத் திருத்துதல் எளிது.