இரத்தச் சோதனைக் குழாய்கள்: ஓர் ஒப்பீடு

நோயாளியின் நாளத்திலிருந்து எடுக்கப்பட்ட இரத்தம், உடலைவிட்டு வெளிவந்த பின்னரும் மாறுதலடைந்துகொண்டே இருக்கிறது. அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தொடர்ந்து உட்கொள்கின்றன. உறைதலுக்குரிய வினைகளும் தொடங்கிவிடுகின்றன. ஆகவே பரிசோதனைச் சாலை தரும் எண், நோயாளியின் நிலையை மட்டுமன்றி, இரத்தம் எந்தக் குழாயில், எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் பொறுத்ததாகும். சுகாதார நிலையங்களில் இரத்தம் சேகரித்து அனுப்பும் ஊழியர்களும், அவர்களுக்குப் பயிற்சியளிக்கும் ஆசிரியர்களும் இதன் காரணங்களை அறிந்திருத்தல் அவசியம்.

குழாய்களின் வகைகள்

இரத்தம் உறைவதற்குக் கால்ஸியம் இன்றியமையாதது என்பதை 1890-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்களான ஆர்த்தூஸ், பாஷே ஆகிய இருவரும் நிறுவினர். கால்ஸியத்தைப் பிணைத்துவிட்டால் இரத்தம் உறையாது. இக்காலக் குழாய்களுட் பல இத்தத்துவத்தையே பின்பற்றுகின்றன. அளவான இரத்தத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் வெற்றிடக் குழாய்க்கு ஜோசப் கிளைனர் என்பவர் 1949-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

சிவப்பு மூடியுள்ள குழாயில் இரத்தம் உறைய விடப்பட்டு, சீரம் பிரித்தெடுக்கப்படும். பொன்மஞ்சள் மூடியுள்ள குழாயில் உறைதலை விரைவுபடுத்தும் பொருளும், சீரத்தையும் அணுக்களையும் பிரித்து நிற்கும் கூழ்ப்பொருளும் உள்ளன. ஊதா மூடிக் குழாயிலுள்ள இ.டி.டி.ஏ. உப்பு, அணுக்களின் உருவத்தைக் காப்பதால் அணு எண்ணிக்கைக்கு ஏற்றது. இளநீல மூடிக் குழாயில் ஸோடியம் ஸிட்ரேட் உள்ளது. இது உறைதல் நேரத்தை அளக்கப் பயன்படும். பச்சை மூடிக் குழாயிலுள்ள ஹெப்பாரின், கால்ஸியத்தைப் பிணைக்காமல் வேறு வழியில் உறைதலைத் தடுக்கிறது. சாம்பல் மூடிக் குழாயில் ஸோடியம் ப்ளோரைடு உண்டு. அது சர்க்கரைச் சோதனைக்குரியது. தயாரிப்பாளருக்குத் தக்கபடி நிறம் சிறிது மாறக்கூடுமாதலால், குழாயின்மேல் ஒட்டியுள்ள சீட்டையும் படித்தல் வேண்டும்.

சீரமும் பிளாஸ்மாவும் ஒன்றல்ல. உறையும்போது இரத்தத் தட்டுகளிலிருந்து பொட்டாஸியம் வெளிப்படுவதால், சீரத்தில் அதன் அளவு சற்று மிகுதியாக இருக்கும். பிளாஸ்மாவிலோ பைப்ரினோஜன் எஞ்சியிருப்பதால், மொத்தப் புரதம் சற்று மிகுதியாகத் தோன்றும்.

சர்க்கரையும் காலமும்

சாதாரண வெப்பநிலையில், அணுக்களிலிருந்து பிரிக்கப்படாத இரத்தத்தில் சர்க்கரை மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை குறைகிறது. ஒருவரது காலை வெறும்வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 134 மி.கி. எனக் கொள்வோம். நீரிழிவைக் குறிக்கும் எல்லை 126 மி.கி. ஆகும். சாதாரணக் குழாயில் அடைத்த இரத்தம் மூன்று மணி நேரம் கழித்துச் சோதனைச் சாலையை அடைந்தால், மணிக்கு 6 சதவீதம் வீதம் குறைந்து, ஏறத்தாழ 111 மி.கி. என்றே காணப்படும். நோயுள்ளவர் நோயற்றவராகக் கருதப்பட்டு வீடு திரும்புவார்.

ப்ளோரைடு இருந்தால் போதும் என எண்ணுவதும் தவறு. அது சர்க்கரைச் சிதைவின் பிற்பகுதியிலுள்ள ஈனோலேஸ் என்னும் நொதியைத் தடுப்பதால், முதல் ஓரிரு மணி நேரம் வரை இழப்பு தொடர்கிறது. ஆகவே குழாயைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து, 30 நிமிடங்களுக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தல் நலம். இதற்கு வசதியில்லாத இடங்களில், அமிலத் தன்மையுள்ள ஸிட்ரேட் சேர்ந்த குழாய்கள் மேலானவை. அவை சிதைவைத் தொடக்கத்திலேயே தடுக்கின்றன.

அளவும் வரிசையும்

ஸிட்ரேட் குழாயில் 9 பங்கு இரத்தத்திற்கு 1 பங்கு ஸிட்ரேட் கரைசல் என்பது விதி. குழாய் பாதியளவே நிரம்பினால், மிகுதியான ஸிட்ரேட், சோதனையின்போது சேர்க்கப்படும் கால்ஸியத்தையும் பிணைத்துக்கொள்ளும். உறைதல் நேரம் நீண்டதாகத் தோன்றும். அதை நம்பி மருத்துவர் உறைதல் தடுப்பு மருந்தைக் குறைத்தால், நோயாளியின் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு.

ஊதாக் குழாயிலுள்ள பொட்டாஸியம் உப்பு, சிறிதளவு சீரக் குழாயில் கலந்துவிட்டாலும் பொட்டாஸியம் உயர்ந்தும் கால்ஸியம் தாழ்ந்தும் காணப்படும். உண்மையில் பொட்டாஸியம் குறைந்துள்ள நோயாளிக்கு அதனை மேலும் குறைக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இதனால்தான் இளநீலம், சிவப்பு அல்லது பொன்மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல் என்ற வரிசையில் இரத்தம் எடுக்கப்படுகிறது. கிருமி வளர்ப்புக்கான புட்டி இருப்பின் அதுவே முதலாவது. ஒரு குழாயின் இரத்தத்தை மற்றொன்றில் ஊற்றுதல் ஒருபோதும் கூடாது. மருந்து கலந்த குழாய்களைக் குலுக்காமல், மெல்லத் தலைகீழாய்த் திருப்பிக் கலக்க வேண்டும். குலுக்கினால் செவ்வணுக்கள் உடையும்.

புதிய குழாயை ஒப்பிடும் முறை

புதிய வகைக் குழாய் வந்தால், ஒரே நபரிடமிருந்து ஒரே வேளையில் பழைய குழாயிலும் புதிய குழாயிலும் இரத்தம் எடுத்து, ஒரே கருவியில் அளக்க வேண்டும். எக்குழாயை முதலில் நிரப்புவது என்பதை நபருக்கு நபர் மாற்றுதல் வேண்டும். நோயற்றவர்களோடு நோயாளிகளையும் சேர்த்தால்தான் உயர்ந்த, தாழ்ந்த அளவுகளும் சோதிக்கப்படும்.

இரு எண்வரிசைகளும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பது ஒற்றுமைக்குச் சான்றாகாது. புதிய குழாய் எப்பொழுதும் 10 மி.கி. கூடுதலாகக் காட்டினாலும் அவை சேர்ந்தே ஏறி இறங்கும்! எனவே ஒவ்வொருவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, அதன் சராசரியையும் பரவலையும் ஆராய வேண்டும். பிளாண்ட், ஆல்ட்மன் என்னும் புள்ளியியலாளர்கள் 1986-இல் இம்முறையை மருத்துவ உலகில் பரவச் செய்தனர். காணப்படும் வேறுபாடு, சிகிச்சையை மாற்றக்கூடிய அளவினதா என்பதே இறுதிக் கேள்வியாகும்.

நுட்பமான கருவிகளாலும், முன்னமே நேர்ந்துவிட்ட பிழையைத் திருத்த இயலாது. சரியான குழாய், சரியான அளவு, சரியான வரிசை, எடுத்த நேரத்தின் குறிப்பு ஆகிய நான்கும் களப்பணியாளரின் கையில் உள்ளன. இவற்றைக் காரணத்தோடு கற்பித்தால் மாணவர்கள் மறவார்.